வெயிலுக்கும் ஒரு வட்டவிதானை வேண்டும்

பங்குனி, சித்திரை மாதங்களில் வட இலங்கையின் வன்னியில், துணுக்காயிலோ மல்லாவியிலோ மத்தியானம் குழாயைத் திறந்தால் முதலில் வருவது சுடுதண்ணீர்தான். தூணின்மேல் ஏற்றிய கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியும் முற்றத்தில் கிடக்கும் குழாயும் விடிந்தது முதல் வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டப் போகும் தாய் அந்தக் கொதிதண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டுத்தான் வாளியை வைப்பாள். அதே வீட்டில் மார்கழிக் கூதலில், விடியப்புறம் ஒரு வாளி சுடுதண்ணீர் தேவைப்பட்டால் அடுப்பு மூட்ட வேண்டும். அல்லது மின்சாரத்தை நம்ப வேண்டும். வெயிலுக்கு இங்கே பெரும்பாலும் பஞ்சமில்லை. பகலில் கிடைப்பதைப் பிடித்து, இரவிலும் மறுநாள் காலையிலும் பயன்படும்படி வைத்திருக்கும் ஏற்பாடுதான் இல்லை.

மழைநீரில் இதே சிக்கலை வன்னி மிகப் பழைய காலத்திலேயே தீர்த்துக்கொண்டது. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கும் மழையை வருடம் முழுவதற்கும் வைத்திருக்கக் குளம் கட்டினார்கள். துணுக்காய்ப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வவுனிக்குளம் பாலியாற்றை மறித்துக் கட்டிய மிகப் பழைய குளம். எல்லாளன் காலத்துக் குளம் என்று மரபு சொல்கிறது. காடு மூடிக் கிடந்த அதை 1950களில் மீளக் கட்டி, அதன் கீழ் மக்களைக் குடியேற்றினார்கள். மழையைத் தேக்கத் தெரிந்த இந்த நிலம் வெயிலைத் தேக்குவதில் இன்னும் முதற்படியில்தான் நிற்கிறது. அந்தப் படியைத் தாண்டுவதற்கான கருவி உலகில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது. அது எப்படி உருவானது, எங்கே வளர்ந்தது, எங்கே ஏன் அழிந்தது என்று பார்த்தால் வன்னிக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருக்கிறது.

1767இல் சுவிற்சர்லாந்தின் ஹொராஸ் பெனடிக்ற் டி சொசூர் கண்ணாடி மூடிய பெட்டி ஒன்றை வெயிலில் வைத்து, உள்ளே எவ்வளவு சூடு சேர்கிறது என்று அளந்தார். பெட்டியைச் சுற்றிச் சூடு வெளியேறாதபடி அடைத்தபோது உள்ளே வெப்பநிலை தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டியது. அவர் அதை மலையுச்சிக்கும் கொண்டுபோனார். அங்கே காற்று குளிராக இருந்தும் பெட்டிக்குள் சூடு குறையவில்லை. வெயில் கண்ணாடிக்குள் எளிதாகப் புகுந்துவிடும், உள்ளே சூடாகிய பொருள் விடும் வெப்பமோ அவ்வளவு எளிதில் வெளியேறாது. இன்றைய சூரிய நீர்சூடாக்கி முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

அமெரிக்கப் பண்ணைகளிலும் ஒரு காலத்தில் கறுப்பு நிறம் பூசிய தகரத் தாங்கிகளை வெயிலில் வைத்துத்தான் தண்ணீரைச் சூடாக்கினார்கள். நம் தூண்களில் நிற்கும் தாங்கி அதன் இன்றைய உறவு. 1891இல் பால்ரிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் அந்தத் தாங்கிகளைச் சொசூரின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'கிளைமக்ஸ்' என்ற பெயரில் காப்புரிமை எடுத்தார். கலிபோர்னியாவின் பசடீனாவில் 1897 அளவில் மூன்றில் ஒரு வீட்டில் அது இருந்தது. குறை என்னவென்றால், தண்ணீர் சூடாகும் இடமும் சேமிக்கும் இடமும் ஒன்றாக இருந்ததால் பொழுதுபட்டதும் கண்ணாடி வழியே சூடு போய்விடும். காலையில் தண்ணீர் ஆறிக் கிடக்கும்.

1909இல் வில்லியம் பெய்லி என்ற பொறியியலாளர் இரண்டையும் பிரித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்த தகட்டோடு ஒட்டிய மெல்லிய செப்புக் குழாய்களை மட்டும் வைத்தார். தாங்கியை நன்றாகப் போர்த்து வீட்டுக்குள், பெட்டியை விட உயரத்தில் நிறுத்தினார். குழாயில் சூடாகும் தண்ணீர் இலேசாகித் தானாக மேலேறித் தாங்கிக்குப் போகும். தாங்கியின் அடியில் இருக்கும் குளிர்ந்த, கனமான தண்ணீர் தானாகக் கீழிறங்கி வெயிலுக்கு வரும். பம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. பகலும் இரவும் சுடுதண்ணீர் கிடைத்ததால் அதற்குப் 'பகல், இரவு' என்றே பெயர் வைத்தார்.

பிறகு 1913 தை மாதம் தென் கலிபோர்னியாவில் வழமைக்கு மாறான கடுங்குளிர் அடித்தது. கூரைகளில் இருந்த செப்புக் குழாய்களுக்குள் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து விரிந்தது, குழாய்கள் வெடித்தன. கோபப்பட்ட வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு பெய்லி கடையை மூடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கூரைக் குழாயில் குடிதண்ணீர் ஓடுவதையே நிறுத்தினார். அதற்குப் பதிலாக, உறையாதபடி மதுசாரம் கலந்த தண்ணீரை அதில் நிரப்பி, தாங்கிக்குள் வைத்த செப்புச் சுருள் வழியே மறுபடி கூரைக்கே திரும்பும்படி மூடிவிட்டார். வெயிலில் வேலை செய்யும் நீர் ஒன்று, வீட்டார் பயன்படுத்தும் நீர் வேறொன்று. இன்று நாம் மூடிய சுற்று என்று அழைக்கும் முறை ஒரு பழுதுக்குத் தேடிய தீர்வாகப் பிறந்தது.

பிள்ளையின் பால்போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் நிறுத்தி இளஞ்சூடாக்குவோம் அல்லவா? கோப்பைத் தண்ணீர் பாலோடு கலப்பதில்லை, அதன் சூடு மட்டும் போத்தலைக் கடந்து பாலுக்குப் போகிறது. மூடிய சுற்றின் வேலை இதுவேதான். கூரைத் தகட்டில் சூடேறிய நீர் சுருளுக்குள் வந்து, சூட்டைத் தாங்கித் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு, குளிர்ந்து மறுபடி கூரைக்குத் திரும்பும். அதே சில லீற்றர் நீர்தான் வருடக்கணக்காகச் சுற்றும்.

சுற்றைப் பம்பியால் ஓட்டினால் இன்னும் சில உறுப்புகள் சேரும். கூரையில் ஒரு வெப்ப உணரி, தாங்கியின் அடியில் இன்னொன்று. கூரை தாங்கியை விட ஏழெட்டுப் பாகை சூடானதும் கட்டுப்படுத்தி பம்பியை ஓட்டும். வித்தியாசம் இரண்டு மூன்று பாகையாகச் சுருங்கியதும் நிறுத்தும். இரவில் சூடான தண்ணீர் எதிர்த்திசையில் கூரைக்கு ஏறிச் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடாமல் ஒருவழி வால்வு தடுக்கும். சூடானால் நீர் விரியும். அந்த விரிவுக்கு இடம் கொடுக்க ஒரு சிறிய விரிவுத் தாங்கி. அதையும் மீறி அமுக்கம் கூடினால் திறந்துவிட ஒரு பாதுகாப்பு வால்வு. உச்சியில் சேரும் காற்றை வெளியேற்ற இன்னொரு சிறு வால்வு. சுற்றுக்குள் ஓடுவது சுத்தமான மென்னீரும் அரிப்பைத் தடுக்கும் மருந்தும். குளிர் நாடுகளில் அதோடு புரொப்பிலீன் கிளைக்கோலும் சேரும். எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. சுருள் பழுதாகிக் குடிநீரோடு கலக்கும் ஆபத்து எப்போதும் உண்டு என்பதால் மனிதர் பயன்படுத்தும் தண்ணீருக்குப் பக்கத்தில் அதற்கு இடமே கொடுக்கக்கூடாது.

பனிக்கட்டியே காணாத துணுக்காய்க்கு இந்த ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் கேத்திலின் அடியில் இருக்கிறது. வன்னியின் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வருவது வன்மை கூடிய தண்ணீர். சில மாதம் அதில் தேத்தண்ணீர் போட்ட கேத்திலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியெல்லாம் வெள்ளைப் படிவு ஒட்டியிருக்கும். மின்கேத்திலாக இருந்தால் அதன் சூட்டுத்தகடே கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூடு பட்டதும் பிரிந்து, கரையாத கல்சியம் காபனேற்றாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாகப் படிகிறது. சூடு கூடக்கூடப் படிவும் கூடும். கூரைத் தகட்டின் செப்புக் குழாய்கள் விரல் பருமன்தான். கிணற்றுத் தண்ணீரை நேராக அவற்றில் ஓடவிட்டால் ஒவ்வொரு நாளும் புதுச் சுண்ணாம்பு உள்ளே போகும். வருடங்களில் குழாய் அடைபடும். தகடு கொதிக்கும், தாங்கி குளிர்ந்திருக்கும், வீட்டுக்காரர் வெயிலைக் குறை சொல்வார்.

மூடிய சுற்றில் அதே நீரே திரும்பத் திரும்ப ஓடுவதால் குழாயை அடைக்கப் புதிய சுண்ணாம்பு வருவதில்லை. ஆனால் சுண்ணாம்பு மாயமாக மறைவதும் இல்லை. தாங்கிக்குள் இருக்கும் சுருளின் வெளிப்புறத்தில் கொஞ்சம் படியத்தான் செய்யும். அந்த இடம் கைக்கு எட்டும் இடம். தாங்கியின் மூடியைக் கழற்றி, தேசிக்காயில் இருக்கும் அதே சித்திரிக் அமிலத்தால் கழுவிவிடலாம். தாங்கியைத் துருவிலிருந்து காக்கும் மகனீசியக் கோலையும் அப்போதே பார்த்து மாற்றலாம். கூரையில் கண்ணாடிக்கு அடியில் ஒளிந்திருந்த பழுதைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கிவைப்பதே வன்னியில் இந்த முறை செய்யும் பேருதவி.

நமக்கு உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. கலிபோர்னியா குளிருக்கு அஞ்சியது. நாம் சூட்டுக்கு அஞ்ச வேண்டும். விடுமுறையில் யாரும் சுடுதண்ணீர் எடுக்காமல் விட்டாலோ, மின்வெட்டில் பம்பி நின்றாலோ, வெயில் நிற்காது. தேங்கிய தகட்டின் வெப்பநிலை 150 பாகையையும் தாண்டலாம். அந்தச் சூட்டில் கிளைக்கோல் சிதைந்து அமிலமாகி, தான் காக்க வேண்டிய செம்பையே அரிக்கத் தொடங்கும். ஆகவே குளிர் நாட்டுக்குச் செய்த பெட்டியை அப்படியே கொண்டுவந்து இங்கே பூட்டுவது அறிவல்ல. பெய்லி செய்ததுபோலத் தாங்கியை மேலே வைத்து, தாங்கியைச் சுற்றி இரட்டைச் சுவராக ஓர் உறை அமைத்து, மூடிய சுற்றின் நீர் பம்பியின்றித் தானாகவே அந்த உறைக்குள் ஏறி இறங்கும்படி செய்யும் வகை நமக்குப் பொருந்தும். உறைபனி இல்லாத இடத்தில் கிளைக்கோலும் வேண்டியதில்லை. அரிப்பைத் தடுக்கும் மருந்திட்ட மென்னீர் போதும். மின்சாரம் போனாலும் சுற்று ஓடும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 150 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 5.5 அலகு மின்சாரத்தின் சக்தி வேண்டும். இலங்கையின் உலர் வலயத்தில் ஒரு சதுர மீற்றரில் ஒரு நாளில் விழும் வெயில் சராசரியாக 5 அலகு அளவில் இருக்கிறது. நல்ல தகடு அதில் பாதியளவைத் தண்ணீருக்குக் கொடுக்கும். இரண்டு சதுர மீற்றரைச் சற்றுத் தாண்டிய தகடு ஒன்று இந்த வேலையை முடித்துவிடும். மின்சாரம் தரும் சூரியப் பலகை அதே வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. தண்ணீரைச் சூடாக்குவது மட்டுமே வேலையென்றால் வெயிலை முதலில் மின்சாரமாக்கி, பிறகு அந்த மின்சாரத்தால் தண்ணீரைச் சூடாக்குவது சுற்றுவழி.

இவ்வளவு எளிமையான, தெளிவான கருவி ஏன் உலகெங்கும் நிலைக்கவில்லை? பெய்லி முதலாம் உலகப்போர் முடியும் வரையில் 4,000க்கு மேல் விற்றிருந்தார். 1920களில் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் இயற்கை வாயு நிறையக் கிடைத்தது. வாயு மலிந்ததும் வீட்டுக்காரர்கள் வாயுச் சூடாக்கிக்கு மாறினார்கள். பெய்லியே வாயுச் சூடாக்கி செய்யத் தொடங்கினார். அவரது உரிமம் புளோரிடாவுக்குப் போனது. 1941 அளவில் மியாமியில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் வெயில் சூடாக்கிய தண்ணீர் ஓடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்புக்கு வந்த கட்டுப்பாடு உற்பத்தியை நிறுத்தியது. போர் முடிந்தபின் மின்சாரம் மலிந்தது. பழைய தாங்கிகள் பழுதானபோது திருத்துவதற்கு ஆளில்லாமல், கூரைகளிலேயே துருப்பிடித்தன. 1979இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 தகடுகளை வைத்தார். 1986இல், ரேகன் காலத்தில், அவை இறக்கப்பட்டன, திரும்ப ஏறவில்லை. வெயில் எந்த இடத்திலும் தோற்கவில்லை. மலிந்த எரிபொருள் வந்ததும் மனிதர் மறந்தார்கள்.

மறக்காத ஊர்களும் உண்டு. எரிபொருள் பங்கீட்டில் தவித்த இஸ்ரேலில் லெவி யிசார் 1953இல் இந்தத் தொழிலைத் தொடங்கினார். 1955இல் ஹரி தாபோர், வெயிலை உறிஞ்சும், ஆனால் சூட்டை எளிதில் வெளிவிடாத கறுப்புப் பூச்சை உருவாக்கித் தகட்டின் திறனை உயர்த்தினார். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1980இல் புதிய வீடுகளில் சூரிய நீர்சூடாக்கி கட்டாயம் என்று சட்டம் வந்தது. பனியே விழாத கரிபியன் தீவான பார்படோஸ் வேறு வழியில் போனது. 1974இல் மூலப்பொருட்களுக்கு இறக்குமதி வரிச் சலுகை கொடுத்தது, பின்னர் வாங்கும் குடும்பத்துக்கும் வரிச் சலுகை கொடுத்தது. அந்தத் தீவிலேயே செய்யும் தொழில் வளர்ந்தது. செய்பவர் ஊரிலேயே இருந்ததால் திருத்துபவரும் ஊரிலேயே இருந்தார். சட்டமாகவோ, தொழிலாகவோ, பராமரிக்கும் ஆளாகவோ ஏதாவது ஒரு வடிவத்தில் பொறுப்பு நிலைபெற்ற இடங்களில் மட்டுமே இந்தக் கருவி பற்றாக்குறைக் காலத்தைத் தாண்டியும் வாழ்ந்திருக்கிறது.

வன்னி பற்றாக்குறையைப் புத்தகத்தில் படித்த நிலமல்ல. 1990இலிருந்து 2002 போர்நிறுத்த உடன்படிக்கை வரை மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் சீமெந்துக்கும் பொருளாதாரத் தடை. லக்சபான மின்சாரம் பழைய கதையானது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிய விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளை நிறுத்திவைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1996இல் கிளிநொச்சி வீழ்ந்தபோது மல்லாவியும் துணுக்காயும் இடம்பெயர்ந்து வந்த பெருந்திரளான மக்களைத் தாங்கின. 2008இல் இந்த ஊர்களே வெறுமையாகின. 2009 இறுதியில் திரும்பி வந்தவர்கள் கூரையற்ற சுவர்களையும் காடு பிடித்த வளவுகளையும் கண்டார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு வாழும் அறிவு இந்த மக்களுக்கு யாரும் கற்பிக்காமலே வந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

பின்னர் மின்கம்பங்கள் வந்தன. அது வரவேற்க வேண்டிய மாற்றம். இருட்டைப் புகழ்வதற்கு இங்கே எவருக்கும் ஆசையில்லை. ஆனால் மின்சாரம் வந்ததோடு, அந்த நெருக்கடிக் காலம் கற்பித்ததை ஒரு நிலையான ஏற்பாடாக மாற்றாமலே விட்டுவிட்டோம். 2022 பங்குனி முடிவில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. எரிவாயுச் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசைகள் நீண்டன. மறுபடி பாலையும் வீரையும் அடுப்புக்குப் போயின. மூன்று வருடம் கழித்து நிலைமை தலைகீழானது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்து, வலையமைப்பு தாங்காது என்று, கூரைச் சூரியப் பலகைகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது; வன்னியின் தலைக்கு மேல் அது வருவது புத்தாண்டை ஒட்டிய நாட்களில். சூரியன் உச்சியில் நின்ற அதே நாட்களில் அதன் சக்தியை வைக்க நாட்டில் இடமில்லாமல் போனது.

சுடுதண்ணீர்த் தாங்கி என்பது மலிவான சேமிப்புக் கிடங்கு. நன்றாகப் போர்த்த 150 லீற்றர் தாங்கி மத்தியான வெயிலை மறுநாள் காலை வரை சில பாகை மட்டுமே இழந்து வைத்திருக்கும். அதற்குள் லிதியம் இல்லை. வெளிநாட்டு நாணயத்தில் மாற்றவேண்டிய பற்றரி இல்லை. தண்ணீர் மட்டுமே.

இதை எல்லா வீட்டுக்கும் உடனே பூட்டவேண்டும் என்று சொல்லமாட்டேன். வெயில் ஊரில் பெரும்பாலான நாட்களில் குளிப்பதற்குக் கிணற்றுத் தண்ணீரே சுகம். தேவை கூடிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலாவது வைத்தியசாலை. பிரசவ விடுதியில் தாய்க்கும் சிசுவுக்கும் ஒவ்வொரு நாளும் வெந்நீர் வேண்டும். ஆடாதோடையும் நொச்சியும் வேப்பிலையும் அவித்த தண்ணீரில் பிள்ளைபெற்ற தாயைக் குளிப்பாட்டிய சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. சமையலறைக்கும் துணி வெளுக்கவும் கருவிகளின் முதற்கழுவலுக்கும் வெந்நீர் வேண்டும். பொதுக்கட்டடங்களில் தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியனெல்லா என்ற கிருமி வளரும். தாங்கியை 60 பாகையில் வைத்தால் அதற்கு இடமில்லை. வெயில் தகட்டுக்கு அது எட்டக்கூடிய சூடுதான்.

இரண்டாவது நெல். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து அவிக்கும் வேலையில் விறகும் உமியும் மலைமலையாக எரிகின்றன. பச்சைத் தண்ணீரில் நெல்லை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டால் நாற்றம் வரும். 65 முதல் 70 பாகைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் சில மணித்தியாலத்தில் வேலை முடியும் என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நெடுங்காலத்துக்கு முன்பே நடைமுறையாக்கியது. அந்தச் சூட்டின் பெரும் பங்கை வெயில் கொடுக்கும். மீதியை உமி கொடுக்கட்டும். சிறுபோகம் அறுவடையாகும் மாதங்கள் வன்னியில் நல்ல வெயில் மாதங்கள். மூன்றாவது பால். பால் சேகரிக்கும் நிலையங்களில் பாத்திரங்களைச் சுடுதண்ணீரில் கழுவினால் பால் புளிப்பது குறையும். மாடு வளர்ப்பவரின் கைக்கு வரும் பணம் கூடும்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. கார்த்திகை, மார்கழியில் முகில் மூடும் நாட்களில், கூதலுக்குச் சுடுதண்ணீர் மிகவும் வேண்டிய நாட்களில், தகடு தளரும். அந்த நாட்களுக்கு மின்சாரமோ விறகோ துணைநிற்க வேண்டும். மூடிய சுற்றில் சூடு ஓர் உலோகச் சுவரைக் கடக்க வேண்டியிருப்பதால் நேரடி முறையை விடக் கொஞ்சம் திறன் குறையும், விலையும் கூடும். தகட்டைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகைச் சாய்வில் வைக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீரோட்டமும் மந்தமாகும், தூசியும் மழையில் கழுவுப்படாது. தண்ணீர் நிறைந்த தாங்கி பாரமானது. ஓட்டுக்கூரையின் மரச்சட்டத்தில் அதை வைக்கக்கூடாது, தனித்தூண் வேண்டும். சுற்றின் அமுக்கத்தை மாதம் ஒருமுறை, அதன் நீரின் தரத்தை வருடத்துக்கு ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும்.

அந்த 'யாராவது' யார் என்பதுதான் இந்த வரலாறு முழுவதும் நம்மிடம் கேட்கும் கேள்வி. வன்னியின் குளங்கள் மண்ணும் கல்லும் நன்றாக இருந்ததால் மட்டும் நிலைக்கவில்லை. துருசை எப்போது திறப்பது, யாருடைய வயலுக்கு முதலில் தண்ணீர், வாய்க்காலில் எந்தத் துண்டை யார் துப்புரவாக்குவது என்பவற்றுக்கு வட்டவிதானை பொறுப்பாக இருந்தார். அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு நெல் கொடுபட்டது. 1958 நெற்காணிச் சட்டம் அந்தப் பொறுப்பைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் மாற்றியது. இன்று கமக்காரர் அமைப்புகள் அதைச் சுமக்கின்றன. பெயர் மாறினாலும் பொறுப்பு அறுந்துபோகவில்லை. இன்றும் விதைப்புக்கு முன்னர் கூட்டம் கூடுகிறது, தண்ணீர் திறக்கும் நாள் குறிக்கப்படுகிறது, வாய்க்கால் வெட்டித் துப்புரவாகிறது. போரும் இடப்பெயர்வும் மக்களைக் குளங்களிலிருந்து பிரித்த காலங்களில் வாய்க்கால்கள் தூர்ந்தன. மக்கள் திரும்பியபோது முதலில் மீண்டதும் அந்தக் கூட்டங்களும் துப்புரவும்தான்.

போருக்குப் பின்னர் வன்னிக்கு வந்த உதவிகளில் பல கருவிகள், பூட்டிய நாளில் படமெடுக்கப்பட்டு, முதற்பழுதோடு கைவிடப்பட்டன. சூரிய நீர்சூடாக்கியும் அந்த வழியில் வந்தால் அந்த வழியிலேயே போகும். கட்டடத்தின் செலவுமதிப்பீட்டில் தகட்டுக்கு ஒரு வரி எழுதப்படும்போது, அதைப் பராமரிக்கும் ஆளின் சம்பளத்துக்கும் ஒரு வரி அதே தாளில் எழுதப்பட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை தாங்கியின் உட்புறத்தைக் கழுவுவதற்கும் மகனீசியக் கோலை மாற்றுவதற்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். திருத்தத் தெரிந்தவர் கொழும்பிலிருந்து வர வேண்டிய கருவி துணுக்காய்க்கு வேண்டாம்.

அந்தத் தெரிந்தவரை இங்கேயே உருவாக்க முடியும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பக்கத்தில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. ஒன்று வன்னித் தண்ணீரின் வன்மைக்கும் வன்னி வெயிலுக்கும் ஏற்ற இரட்டைச் சுவர்த் தாங்கியை வடிவமைத்து, பல வருடம் அளந்து பார்க்கட்டும். மற்றது செப்புக் குழாய் ஒட்டவும் அமுக்கம் பார்க்கவும் சுண்ணாம்பு கழுவவும் தெரிந்த இளைஞர்களை ஊர் ஊராக அனுப்பட்டும். பார்படோஸ் தீவு செய்ததை ஒரு மாகாணம் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நூறு வருட வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பற்றாக்குறை வந்தால் மனிதர் வெயிலை நினைக்கிறார்கள். பெருக்கம் வந்தால் மறக்கிறார்கள். மறதிக்கும் நினைவுக்கும் இடையில் கருவிகள் துருப்பிடிக்கின்றன. இந்தச் சுழலிலிருந்து வெளியேறும் வழியை வன்னி குளக்கட்டுகளில் எப்போதோ கண்டுவிட்டது. அது ஒரு பொறுப்பை ஓர் ஆளிடம் கொடுத்து, அந்த ஆளுக்குரிய பங்கைத் தவறாமல் அளந்து கொடுப்பது. அடுத்த வருடம் இந்தப் பிரதேசத்தில் கட்டப்படும் ஒவ்வொரு வைத்தியசாலை விடுதியும் ஒவ்வொரு மாணவர் விடுதியும் அந்த விதியோடு தொடங்கட்டும்: தெற்கு நோக்கிய தகடு, மின்சாரமின்றி ஓடும் மூடிய சுற்று, அதற்குப் பொறுப்பாக ஊரிலேயே சம்பளம் வாங்கும் ஒருவர். பிரதேச சபையும் சுகாதாரத் திணைக்களமும் இதைத் திட்டத்தில் எழுதி, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பணமும் ஒதுக்க வேண்டும்.